அருகிருப்பவள் நோயுற்றால்

குடும்ப வாழ்வில் நோய் எல்லார்க்கும் பொதுவானது. ஆனால், நோயுற்றேன் என்று சொல்லிப் படுத்திருக்கும் உரிமை எல்லார்க்கும் பொதுவாக இருப்பதில்லை. தந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீடு தன் குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. பிள்ளைக்கு இருமல் என்றால் தாய் இரவெல்லாம் விழித்திருக்கிறாள். மழையில் நனைந்த தலையைத் துவட்டி, நெஞ்சில் தைலம் தேய்த்து, இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைக் கையில் கொடுத்த பின்னரே அவள் மனம் ஆறுகிறது. அதே தாய்க்குக் காய்ச்சல் கண்டால் அடுப்பு வழக்கம்போல் எரிகிறது. சோறு வழக்கம்போல் வடிக்கப்படுகிறது. அவள் நெற்றியில் பூசிய கோடாலித் தைலத்தின் மணம் ஒன்றே அன்று வீட்டில் புதியது. "என்னம்மா, உடம்புக்கு முடியவில்லையா?" என்று எவரேனும் கேட்டால், "ஒன்றுமில்லை ஐயா, இலேசான தலைவலிதான்" என்னும் விடையோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

இந்த "ஒன்றுமில்லை" என்னும் சொல்லை நாம் பல்லாண்டுகளாகப் போற்றி வந்திருக்கிறோம். பொறுமை என்கிறோம், தியாகம் என்கிறோம், தாய்மையின் இலக்கணமே அதுதான் என்றும் கூறுகிறோம். ஆயின், அச்சொல் உண்மையில் அறத்தின்பாற்பட்டதுதானா? தாய் தன் நோயை மறைப்பது அவளுடைய பெருமையைக் காட்டுகிறதா, அல்லது அவளைச் சூழ்ந்துள்ள குடும்பத்தின் குறையைக் காட்டுகிறதா? இவ்வினாவை உணர்ச்சிவயப்படாமல் எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செய்தியாகாத சிறு துன்பங்கள்

பெருநோய் வந்தால் ஊரே அறியும். உறவினர் மருத்துவமனைக்கு வருவர். அன்றாடம் நேரும் சிறு துன்பங்கள் அத்தகையன அல்ல. அப்பளம் பொரிக்கும்போது கையில் எண்ணெய் தெறிக்கிறது. அரிவாள்மணையில் மீன் நறுக்கும்போது விரல் வெட்டுப்படுகிறது. குளியலறைத் தரையில் கால் வழுக்குகிறது. குனிந்து கூட்டிவிட்டு நிமிரும்போது கண் இருள்கிறது. தீபாவளிக்குத் திரைச்சீலை மாட்ட நாற்காலிமேல் ஏறியவள், இறங்கும்போது முழங்கால் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். இவை எவையும் செய்தியாவதில்லை. சுட்ட இடத்தில் பற்பசையையோ கிச்சாப்பையோ தடவிக்கொண்டு, வெட்டுப்பட்ட விரலில் பழந்துணியைச் சுற்றிக்கொண்டு அவள் வேலையைத் தொடர்கிறாள்.

இவற்றைச் சிறியன என்று ஒதுக்குதல் எளிது. ஆயினும், மருத்துவ அறிவு வேறு கூறுகிறது. தீப்புண்ணைப் பற்பசையால் மூடுதல் தவறு. ஓடும் குளிர்நீரில் இருபது நிமிடம் காட்டுதலே முறை. எழுந்து நிற்கும்போது வரும் தலைச்சுற்று, இரத்த அழுத்தம் திடீரெனத் தாழ்வதாலோ, இரத்தச்சோகையாலோ, உட்கொள்ளும் மருந்தின் விளைவாலோ நேரலாம். மாதவிடாய் நின்ற பின்னர்ப் பெண்ணின் எலும்பு விரைந்து வலிமை குன்றுவதால், குளியலறையில் ஒருமுறை விழுவதே இடுப்பெலும்பு முறிவதற்குப் போதுமானதாகிவிடும். மாரடைப்பும் பெண்களுக்கு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் காட்சியாக வருவதில்லை. மூச்சுத்திணறல், குமட்டல், முதுகிலும் தாடையிலும் வலி, காரணம் தெரியாத பெருஞ்சோர்வு ஆகிய வடிவங்களிலும் அது வரக்கூடும். "இன்று ஏனோ அசதியாக இருக்கிறது" என்று தாய் சொல்லாமல் விடும் ஒரு வாக்கியத்தில் ஓர் உயிரே அடங்கியிருத்தல் கூடும்.

இங்கு இன்னொரு வகைத் தாயையும் நினைவுகூர்தல் வேண்டும். எல்லாத் தாய்மாரும் மறைப்பவர் அல்லர். காலையில் முழங்கால், மாலையில் முதுகு, இரவில் நெஞ்செரிச்சல் என்று சொல்லிக்கொண்டே இருப்பவரும் உளர். அவர்தம் சொல்லுக்கு வீட்டார் இட்ட பெயர் புலம்பல். "அம்மாவுக்கு எப்போதும் ஏதாவது ஒரு வலி" என்று சிரித்துவிட்டு அவரவர் தம் அலுவலைப் பார்க்கின்றனர். மறைக்கும் தாய் பாராட்டுப் பெறுகிறாள். சொல்லும் தாய் நகைப்புக்கு ஆளாகிறாள். இருவர்தம் வலியும் ஒருங்கே கேட்கப்படாமற் போகிறது. இதனை நோக்கும்போது, குறை தாயின் வாயில் இருப்பதினும் நம் செவியில் மிகுதியாக இருப்பது விளங்கும்.

மறைத்தல் எங்குப் பயின்றது?

நம் நாட்டுத் தமிழ்த் தாய்மாருக்கு இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆராய்ந்தால், பால்மரத் தோட்டங்களை எண்ணாமல் இருக்க இயலாது. விடியற்காலைக் குளிரில்தான் மரம் பாலை நன்கு சுரக்கும். ஆதலால் இருள் பிரியும் முன்னரே பெரட்டுக்குச் சென்று நிற்க வேண்டியிருந்தது. அதற்கு முன்னர் அடுப்பு மூட்டிச் சமைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டாக வேண்டும். பெயர் கொடுத்து மரம் வெட்டினால் அன்றைய கூலி உண்டு. படுத்துவிட்டால் கூலி இல்லை. அந்த ஒரு நாள் கூலியில்தான் பிள்ளையின் பள்ளிப் புத்தகமும் கடைக்கணக்கின் நிலுவையும் அடங்கியிருந்தன. பெரிய தோட்டங்களில் மருத்துவமனை இருந்தது உண்மையே. ஆனால், அங்குச் சென்று காத்திருக்கும் பொழுதும் கூலிப் பொழுதாகவே இருந்தது.

அத்தகைய வாழ்வில் "ஒன்றுமில்லை" என்பது தாயின் விருப்பமன்று. வறுமை அவள் வாயில் வைத்த சொல். அவள் வலியைப் பொறுத்துக்கொண்டமையால்தான் ஒரு தலைமுறை படித்தது. ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் அலுவலராகவும் உயர்ந்தது. அக்கடனை எவரும் மறுத்தல் ஆகாது.

ஆயின், தோட்டத்து லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடிக்கும் வீடமைப்புப் பகுதிக்கும் நாம் குடிபெயர்ந்த பின்னரும் அச்சொல் நம்மோடு வந்துவிட்டது. கூலி போய்விடும் என்ற அச்சம் நீங்கிய இல்லங்களிலும் தாய் அதையே சொல்கிறாள். நாமும் அதையே ஏற்கிறோம். தேவையினால் பிறந்த ஒன்றை, தேவை தீர்ந்த பின்னரும் பண்பு என்று பாராட்டிக் காத்து வருகிறோம். கொடுமையைத் தாங்கியவரைப் போற்றுதல் கடமை. தாங்கியவரைப் போற்றுகிறோம் என்னும் பெயரால் கொடுமையை நீட்டித்தல் கடமையாகாது.

வாய்மையின் அளவுகோல்

தாய் பிறர் நன்மை கருதியே தன் வலியை மறைக்கிறாள். ஆகவே அது பொய்யாயினும் குற்றமில்லை என்று சிலர் வாதிடுவர். இவ்வாதத்திற்குத் திருவள்ளுவரையே துணைக்கு அழைப்பதும் உண்டு. "வாய்மை" என்னும் முப்பதாம் அதிகாரத்தில், குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று அவர் கூறியிருத்தல் மெய்யே. ஆனால், அவர் விதித்த கட்டளையை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். விளையும் நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அக்கட்டளை.

தாயின் மறைப்பு அத்தேர்வில் வெல்லுமா? இனிப்புநீர் நோயை எடுத்துக்கொள்வோம். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு நடத்தப்பட்ட தேசிய உடல்நல ஆய்வின்படி, வயதுவந்தோரில் 18.3 விழுக்காட்டினர்க்கு இந்நோய் இருந்தது. இந்தியரிடையே அவ்வளவு 31.4 விழுக்காடு. நோயுற்றவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமக்கு நோய் இருப்பதையே அறியாதிருந்தனர். இந்நோய் முற்றினால் காலில் உணர்ச்சி மங்குகிறது. முள் குத்தினாலும் தெரிவதில்லை. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர், ஆறாத புண் எனத் தொடக்கத்தில் அது காட்டும் குறிகளைத் தாய் பொருட்படுத்தாமல் விடுகிறாள். பிள்ளைகளின் தேர்வு முடியட்டும், மகளின் திருமணம் கழியட்டும், பெருநாள் போகட்டும் என்று நாள்களைத் தள்ளுகிறாள். இறுதியில் காலையோ கண்ணையோ சிறுநீரகத்தையோ இழக்கும் நிலை வரும்போது, அவள் எவருக்குத் தொல்லை தரலாகாது என்று மறைத்தாளோ அவர்களுக்கே பன்மடங்கு துன்பம் வந்து சேர்கிறது. ஆண்டுக்கு ஒரு காலைப் பொழுது மருத்துவ நிலையத்தில் செலவழித்துத் தடுத்திருக்கக்கூடிய ஒன்று, பல ஆண்டுப் பணிவிடையாகவும் மனச்சுமையாகவும் மாறுகிறது. இதனைக் குற்றமற்ற நன்மை என்று எவ்வாறு கூறுவது?

அன்றியும், மறைத்தல் பிள்ளைகளிடமிருந்து ஓர் அரிய வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. தாயைப் பேணும் வாய்ப்பே அது. வலியைச் சொல்லாத தாய், தன்னிடம் அன்பு செலுத்தும் வழியை அறியாமலே அடைத்துவிடுகிறாள்.

நான்கு இடங்கள்

"மருந்து" என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறார். நோயுற்றவர் ஒருவர்; தீர்க்கும் மருத்துவர் ஒருவர்; மருந்து மூன்றாவது; அருகிருந்து பேணுபவர் நான்காமவர். இந்நான்கும் கூடினால்தான் மருத்துவம் நிறைவுறும். மருத்துவரும் மருந்தும் மட்டுமே மருத்துவம் என்று எண்ணும் இக்காலத்திலும், அருகிருப்பவரைச் சரிநிகராக வைத்த அவ்வறிவு வியக்கத்தக்கது.

நம் இல்லங்களில் அந்த நான்காம் இடம் யாருடையது? தாயுடையதே. மருந்து வேளையை நினைவில் வைப்பவளும், கஞ்சி வைப்பவளும், மருத்துவரின் சொல்லைக் கேட்டு நடப்பவளும், நடுஇரவில் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பவளும் அவளே. கணவனும் பிள்ளைகளும் மாமனார் மாமியாரும் முதலிடத்திற்கு மாறிமாறி வந்து போகின்றனர். அவளோ நான்காம் இடத்தை விட்டு அகல்வதேயில்லை. அவளே நோயுற்று முதலிடத்திற்கு வரும்போது, நான்காம் இடம் வெறுமையாகிறது. அதனை நிரப்ப எவரும் பழகியிருக்கவில்லை. பழகாத வீட்டில் தான் படுத்தால் என்ன ஆகும் என்பதை அவள் நன்கு அறிவாள். ஆதலால் நோயுற்ற நிலையிலும் அருகிருப்பவளாகவே இருக்கத் துணிகிறாள். தாயின் மறைப்புக்கு அடிப்படை இதுவே. அவள் வலியை மறைப்பது தன்னைக் கவனிக்க வேண்டாம் என்பதற்காக மட்டுமன்று. தன் இடத்தில் நிற்க ஆளில்லை என்பதாலும் ஆகும்.

இக்குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் மற்றொரு நுட்பத்தையும் விளக்கியிருக்கிறார். நால்வகைக் கூறு ஒவ்வொன்றுக்கும் நான்கு இயல்புகளைக் கூறும் அவர், நோயுற்றவர்க்கு உரிய இயல்புகளுள் ஒன்றாகத் தம் நோயின் நிலையை எடுத்துரைத்தலையும் வைக்கிறார். சொல்லுதல் புலம்பலன்று, அது நோயுற்றவரின் கடமைகளுள் ஒன்று. அருகிருப்பவர்க்கோ அன்பு மட்டும் போதாது; அறிவும் வேண்டும் என்கிறார். தாயிடம் அன்பில்லாத பிள்ளைகள் சிலரே. அவள் உட்கொள்ளும் மாத்திரையின் பெயரையோ, அடுத்த மருத்துவச் சந்திப்பின் நாளையோ அறியாத பிள்ளைகள் மிகப் பலர்.

தன்னைக் காத்தலும் அறமே

தன்னலமற்ற அன்புதானே உயர்ந்தது. தன் உடம்பைத் தானே எண்ணிக்கொள்பவள் தாயாவாளா என்ற வினா எழலாம். "வாழ்க்கைத் துணைநலம்" என்னும் ஆறாம் அதிகாரத்தில் இல்லாளின் கடமைகளை அடுக்கிக் கூறும் ஒரு குறளில், கணவனைப் பேணுதலுக்கும் முன்னதாக வள்ளுவர் வைத்திருப்பது தன்னைக் காத்துக்கொள்ளுதலையே. பரிமேலழகர் அதனைக் கற்பு நெறியினின்று வழுவாமல் காத்தல் என்று பொருள் கொண்டார். அவ்வுரை அவர் காலத்தையும் நோக்கையும் சார்ந்தது. எனினும், உடலும் உயிரும் காக்கப்படாமல் வேறு எதனைக் காத்தல் இயலும்? தன்னைக் காத்தல் என்பதில் உடல்நலம் காத்தலும் அடங்கும் என்று இன்று கொள்வதில் தவறில்லை.

செருமானிய மெய்யறிஞர் இம்மானுவேல் கான்ட் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், மனிதத்தன்மையை ஒருபோதும் வெறுங்கருவியாக மட்டும் நடத்தலாகாது என்று வலியுறுத்தினார். பிறரிடத்து மட்டுமன்றித் தன்னிடத்தும் அவ்வாறே நடத்தல் வேண்டும் என்று அவர் சேர்த்துரைத்தது கருதத்தக்கது. பிறர்க்காக வாழ்தல் வேறு. பிறர்க்குக் கருவியாகத் தன்னைத் தேய்த்துக்கொள்ளுதல் வேறு. விளக்குத் தன்னை எரித்து ஒளி தருகிறது என்று தாயை உவமிப்பது வழக்கம். விளக்குக்கு நோவில்லை, தாய்க்கு நோவுண்டு. அவ்வேறுபாட்டை மறைக்கும் உவமை எத்துணை அழகியதாயினும் அறத்திற்கு உதவாது.

சட்டம் கண்டதும் வீடு காணாததும்

இந்நாட்டின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், தொழிலாளிக்கு அவருடைய பணிக்காலத்திற்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்துடன் கூடிய மருத்துவ விடுப்பை வழங்குகிறது. உடம்பு நோயுறும் என்பதையும், நோயுற்றவர் ஓய்ந்திருத்தல் வேண்டும் என்பதையும் அச்சட்டம் ஏற்கிறது. வீட்டில் உழைக்கும் தாய்க்கு அத்தகைய விடுப்பு நாள் எத்தனை? எந்த வீடும் கணக்கிட்டதில்லை.

பணியிடத்தில் நேரும் விபத்துக்கு ஈடு வழங்கும் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல் இயற்றப்பட்டது. இல்லத்தரசிகளுக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டமோ 2022ஆம் ஆண்டு டிசம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு 120 ரிங்கிட் செலுத்தும் 55 வயதுக்குட்பட்ட இல்லத்தரசிக்கு, வீட்டுப் பணியின்போது நேரும் விபத்துக்கும் உடல் முடக்கத்திற்கும் அத்திட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. தொழிற்சாலையில் விழுவதை விபத்து என்று ஏற்றுக்கொண்ட சட்டம், அடுக்களையில் விழுவதை ஏற்பதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. காலந்தாழ்ந்தாலும் அது கண்டுகொண்டது. வீட்டில் வாழும் நாம் கண்டுகொண்டோமா என்பதே கேள்வி. அத்திட்டத்தில் தம் தாயையோ மனைவியையோ பதிவு செய்வதற்கு முன்வருதல், நூறு வாழ்த்து மடல்களினும் மேலான செயலாகும்.

நான்காம் இடத்தைப் பகிர்தல்

இதற்குத் தீர்வு யாது? தாயை நோக்கி, "நீ சொல்ல வேண்டும்" என்று அறிவுரை கூறுதல் பாதித் தீர்வே. சொன்னால் கேட்கப்படும், படுத்தால் வீடு இயங்கும் என்ற நம்பிக்கை அவளுக்குப் பிறந்தால்தான் அவள் சொல்லுவாள். ஆகவே நான்காம் இடத்தில் நிற்க வீட்டார் அனைவரும் பழகுதல் வேண்டும்.

இங்கு ஓர் அநீதியையும் சுட்டிக்காட்டுதல் நேர்மை. தாய் படுத்துவிட்டால் பல குடும்பங்களில் அவ்விடம் மூத்த மகளுக்கே செல்கிறது. அவள் பள்ளிக்கு விடுப்பு எடுக்கிறாள். மகனோ வழக்கம்போல் பந்தாடச் செல்கிறான். இது பகிர்தலன்று, ஒருத்தியின் சுமையை மற்றொருத்தியின் தோளுக்கு மாற்றுதல். இன்று மகளாக அவ்விடத்தில் நிற்பவள், நாளை தாயாகி அதே "ஒன்றுமில்லை"யைச் சொல்லப் பழகிவிடுவாள். மகனும் சோறு வடிக்கக் கற்றல் வேண்டும். கணவனும் மனைவியோடு மருத்துவ நிலையத்தில் வரிசையில் அமர்தல் வேண்டும். குளியலறையில் வழுக்காத விரிப்பு இடுதலும், எட்டாத உயரத்துப் பொருளைக் கைக்கெட்டும் இடத்திற்கு மாற்றுதலும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் ஆண்டுதோறும் பார்க்கச் செய்தலும் பெரும்பொருள் வேண்டுவன அல்ல. அவை வேண்டுவது கவனம் ஒன்றையே.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. "நலமா?" என்று பொதுவாகக் கேட்டால், "நலம்" என்ற பொதுவான விடையே வரும். "நேற்றுப் படியேறும்போது நின்று மூச்சு வாங்கினீர்களே, ஏனம்மா?" என்று கண்டதைச் சுட்டிக் கேட்டால், "ஒன்றுமில்லை" என்பதற்கு அங்கு இடம் குறைவு. தன்னை ஒருவர் கவனித்திருக்கிறார் என்று அறிந்த உள்ளம் தானாகத் திறக்கும்.

வகுப்பறையின் பொறுப்பு

இவ்வினா ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் புறம்பானதன்று. தமிழ்ப்பள்ளியில் மாணவர் எழுதப் பழகும் கட்டுரைகளுள் "என் அம்மா" என்பது ஒன்று. அதில் அம்மா எல்லார்க்கும் முன் எழுகிறார், எல்லார்க்கும் பின் உறங்குகிறார், எல்லாரும் உண்ட பின் எஞ்சியதை உண்கிறார், நோயுற்றாலும் ஓய்வதில்லை. நடை நன்றாக இருந்தால் நாமும் உயர்ந்த புள்ளி வழங்குகிறோம். அம்மாணவன் அக்கட்டுரை வாயிலாக எதனைக் கற்கிறான்? தாயின் களைப்பை வியக்கக் கற்கிறான். அதனைக் குறைக்கக் கற்பதில்லை. பாராட்டிவிட்டால் தன் கடமை முடிந்தது என்னும் எண்ணம் அவனுள் பதிகிறது.

இனி அக்கட்டுரையை எழுதச் சொல்லும்போது, இன்னும் இரண்டு வினாக்களுக்கு விடை எழுதுமாறு ஆசிரியர் கேட்கலாம். அம்மா ஏன் கடைசியாக உண்கிறார்? அம்மா நோயுற்ற நாளில் நீ என்ன செய்தாய்? முதல் வினா மாணவனைச் சிந்திக்க வைக்கும். இரண்டாம் வினா அவனைச் செயற்படத் தூண்டும். அடுத்த ஆண்டுக் கட்டுரையில் எழுதுவதற்காகவேனும் அவன் ஒரு நாள் கஞ்சி வைத்துத் தாயின் கையில் கொடுப்பானாயின், மொழிப்பாடம் தன் பயனை அடைந்ததாகும்.

தாய்மையைப் போற்றும் நூல்களுக்கு நம் மொழியில் குறைவில்லை. போற்றுதலோடு நின்றுவிடாமல் பேணுதலுக்கு நாம் முன்னேறுதல் வேண்டும். தாய் வலிக்கிறது என்று கூசாமல் சொல்லவும், சொன்ன பின் கவலையின்றிப் படுத்திருக்கவும் இயலும் வீடே அறம் வாழும் வீடாகும். அத்தகைய வீட்டை ஆக்கும் பொறுப்பு அவ்வீட்டிலுள்ள ஒவ்வொருவர்க்கும் உரியது.